டிஸ்னிலேண்டில் பழைய களை இல்லையா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 1994 கோடையில் நீங்களும் உங்கள் அண்ணனும் அப்பா அம்மாவோடு கலிஃபோர்னியாவில், ஆனஹைம் நகரிலுள்ள டிஸ்னிலேண்டுக்குப் போயிருக்கிறீர்கள். அண்மையில் இரண்டு குடும்பமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி போய் வந்தீர்கள். திரும்பியதிலிருந்து அண்ணன் "பழைய களையே இல்லை, எல்லாம் போச்சு" என்கிறார். நீங்கள் "களை அங்கேயேதான் இருக்கிறது, நமக்குத்தான் வயதாகிவிட்டது" என்கிறீர்கள். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருவர் சொல்வதும் பாதிப் பாதி உண்மை என்று சொல்லி நழுவ எனக்கு விருப்பமில்லை. நான் உங்கள் அண்ணன் பக்கம். அங்கே ஏதோ ஒன்று உண்மையாகவே தொலைந்திருக்கிறது. ஆனால் அவர் அதைத் தேடுகிற இடம் தப்பு. மூடப்பட்ட ரைடுகளைப் பட்டியல் போட்டு, அதனால்தான் களை போயிற்று என்கிறார். இந்தப் பூங்காவின் வரலாற்றைப் பல வருடங்களாக ஆசையோடு படித்து வருகிறவன் என்ற முறையில் என் கணிப்பு வேறு. ரைடுகளில் தொலைந்ததைவிட, ரைடுக்காக நிற்கிற வரிசையில் தொலைந்ததுதான் அதிகம். கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், 'அந்தக் காலத்தில் எல்லாம் குறையில்லாமல் இருந்தது' என்ற எண்ணத்தை ஒதுக்கி வைத்துவிடலாம். பூங்கா திறந்தது 1955 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. ஏபிசி தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பியது. அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும் என்றுதான் ஏற்பாடு. கள்ள டிக்கெட்டோடு ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். புதிதாகப் போட்ட தார் வெயிலில் இளகி, பெண்களின் குதிகால் செருப்பு அதில் புதைந்தது. குழாய் வேலை செய்பவர்களின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய், கழிப்பறை இரண்டையும் முடிக்க நேரமில்லாமல் போக, வால்ட் டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். எதிர்கால உலகத்தைக் காட்டுகிற டுமாரோலேண்ட் பகுதி அரைகுறையாகக் கிடந்தது; பலூனும் கொடியும் கட்டி மறைத்தார்கள். செடி வைக்கப் பணம் தீர்ந்துபோனதால், தானாக முளைத்துக் கிடந்தவற்றுக்கு லத்தீன் பெயர் எழுதிய பலகைகளை நட்டார்கள் என்று ஒரு கதை டிஸ்னி வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படுகிறது. களை என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டல்லவா? டிஸ்னிலேண்ட் இரண்டு பொருளிலும் களையோடுதான் பிறந்தது. அந்த நாளுக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'கறுப்பு ஞாயிறு'. அப்படியிருந்தும் இரண்டு மாதத்துக்குள் 10 லட்சம் பேர் வந்துவிட்டார்கள்.

அதேபோல, ரைடுகளை மாற்றுவதே துரோகம் என்ற வாதமும் நிற்காது. உலகில் கற்பனை மிச்சமிருக்கும் வரை டிஸ்னிலேண்ட் வேலை முடியாது, வளர்ந்துகொண்டே இருக்கும் என்று சொன்னவரே வால்ட் டிஸ்னிதான். பிடிக்காததை அவர் தயங்காமல் தூக்கினார். 1955 நவம்பரில் தொடங்கிய சர்க்கஸ், மக்களைக் கவரவில்லை என்று தெரிந்ததும் இரண்டே மாதத்தில் போயிற்று. நன்றாக ஓடுவதையும் விடமாட்டார். இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோ என்பார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பிளஸ்ஸிங்', 'பிளஸ்' என்ற கூட்டல் குறியிலிருந்து வந்த சொல். 1959-ல் மேட்டர்ஹார்ன் என்ற செயற்கை மலை ரைடு, மோனோரயில், நீர்மூழ்கிக் கப்பல்கள் மூன்றையும் ஒரே நேரத்தில் திறந்தார். 1967-ல் டுமாரோலேண்டையே இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். அதற்குத் திட்டம் போட்டவர் அவர்தான், பார்க்க உயிரோடில்லை. பூங்கா அப்படியே உறைந்து நிற்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு வால்டின் ஆதரவு கிடைக்காது.

ஆனால் அண்ணன் சொல்லும் பட்டியலில் டுமாரோலேண்ட் முதலிடத்தில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒன்றில் அவரோடு எனக்குத் துளியும் கருத்து வேற்றுமை இல்லை. 1994 கோடையில் நீங்கள் அங்கே நின்றதை நினைத்துப் பாருங்கள். தலைக்கு மேலே அடுக்கடுக்காக எதுவாவது நகர்ந்துகொண்டே இருக்கும். ஸ்கைவே தொட்டிகள் கம்பியில் ஊர்ந்து, மேட்டர்ஹார்ன் மலையின் வயிற்றுக்குள் புகுந்து மறுபக்கம் ஃபேன்டஸிலேண்ட் பகுதியில் இறங்கும். அதற்குக் கீழே பீப்பிள்மூவரின் சின்னச் சின்னப் பெட்டிகள், அவசரமே இல்லாமல், கட்டடங்களுக்குள் நுழைந்து நுழைந்து வரும். அதன் நிலையத்து உச்சியில் ராக்கெட் ஜெட்ஸ் சுழலும். ஓரத்தில் மோனோரயில் வழுக்கிக்கொண்டு போகும். கீழே குளத்தில் நீர்மூழ்கிகள். எதிலும் ஏறாமல் ஓர் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாலே போதும், எதிர்காலம் என்பது ஆள் நடமாட்டமும் அசைவும் நிறைந்த சந்தோஷமான ஊர் என்று மனசு நம்பிவிடும்.

நீங்கள் போய் வந்த அதே வருடம் நவம்பரில் ஸ்கைவே நின்றது. 1995 ஆகஸ்டில் பீப்பிள்மூவர். 1997-ல் ராக்கெட் ஜெட்ஸ். 1998-ல் நீர்மூழ்கிகள், அவை மட்டும் 2007-ல் வேறு கதையோடு திரும்பி வந்தன. பீப்பிள்மூவர் ஓடிய அதே பாதையில் 1998-ல் ராக்கெட் ராட்ஸ் என்ற வேக வண்டியை விட்டார்கள். இங்கேதான் பணத்தைப் பிடித்துப் பிடித்துச் செலவழித்ததன் விளைவு தெரிந்தது. மெதுவாக ஊர்கிற வண்டிக்காகக் கட்டிய பாதை அது. வளைவுகளில் சாய்வே கிடையாது. வேகமாகப் போகிற வண்டிக்கு வளைவில் பாதை உள்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். பாதையை மாற்றிக் கட்டாததால், ஒவ்வொரு வளைவு வரும்போதும் வண்டி வேகத்தைக் குறைத்து, நேர்பாதையில் மறுபடி சீறி, அடுத்த வளைவில் மறுபடி குறைக்க வேண்டியிருந்தது. டயரும் இயந்திரமும் தேய்ந்தன, அடிக்கடி நின்றது. 2000-த்தோடு சரி. அந்தக் கான்கிரீட் பாதை இன்றும் டுமாரோலேண்டின் தலைக்கு மேலே வெறுமையாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் வண்டி ஓடி கால் நூற்றாண்டு ஆகிறது. உங்கள் பிள்ளைகள் அதன் கீழே நடந்திருப்பார்கள். அண்ணன் நிமிர்ந்து பார்த்திருப்பார்.

இதிலிருந்து எனக்குத் தோன்றும் அளவுகோல் எளிமையானது. பழையதை எடுத்துவிட்டு அதைவிட நல்லதை வைத்தால் ஒரு தலைமுறை முணுமுணுக்கும், அடுத்த தலைமுறை மறந்துவிடும். எடுத்துவிட்டு மட்டமானதை வைத்தாலோ, எதுவுமே வைக்காமல் விட்டாலோ அந்தக் காயம் ஆறாது. ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பூங்காவில் ஃபிக்மென்ட் என்ற ஊதா நிறக் குட்டி டிராகன் இருந்தது. 1998-ல் அந்த ரைடை மூடி, அடுத்த வருடம் ஃபிக்மென்டைப் பெரும்பாலும் ஓரங்கட்டிய ஒரு வடிவத்தைத் திறந்தார்கள். ரசிகர்களுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. 2001-ல் அதையும் மூடி, 2002-ல் ஃபிக்மென்டைத் திரும்ப அழைத்து வந்தார்கள். ரசிகர்கள் சொன்னது வெறும் ஏக்கம் என்றால் நிறுவனம் இறங்கி வந்திருக்காது.

ஸ்பிளாஷ் மவுண்டன் பற்றியும் அண்ணன் கோபப்படுகிறார். 1946-ல் வந்த ஒரு படத்தின் பாத்திரங்களை வைத்துக் கட்டிய ரைடு அது. கறுப்பின மக்களை அந்தப் படம் காட்டிய விதம் நெடுங்காலமாகக் கண்டனத்துக்கு உள்ளானது. 2023-ல் கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா இரண்டு இடத்திலும் மூடி, 2024-ல் டிஸ்னியின் கறுப்பின இளவரசி டியானாவின் கதையாக மாற்றித் திறந்தார்கள். மாற்றியது சரி என்பதே என் எண்ணம். பழைய ரைடில் ஆபத்து மெல்ல மெல்ல நெருங்கி, கடைசிப் பெரும் சரிவில் வந்து வெடிக்கும். புதியதில் அந்தப் பதற்றம் இல்லை, சரிவு காரணமில்லாமல் வருகிறது என்பதும் என் எண்ணம்தான். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம். எப்படியும் அந்தச் சரிவில் பிள்ளைகள் போடுகிற சத்தம் மாறவில்லை.

ரைடுகளைவிட முக்கியமானது பராமரிப்பு. வால்ட் டிஸ்னிக்குப் பூங்காவுக்குள்ளேயே, வாசலை அடுத்துள்ள மெயின் ஸ்ட்ரீட் தெருவின் தீயணைப்பு நிலையத்து மாடியில், ஒரு சிறு வீடு இருந்தது. ஆள் வராத நேரத்தில் இறங்கி நடந்து, எங்கே பெயின்ட் உரிந்திருக்கிறது என்று பார்ப்பாராம். அவர் நினைவாக அந்த ஜன்னலில் இன்றும் ஒரு விளக்கு எரிகிறது. 1990-களின் பிற்பகுதியில் அந்தக் கண் இல்லாமல் போயிற்று. பராமரிப்புச் செலவைக் குறைத்தார்கள். உரிந்த பெயின்டும் எரியாத பல்புகளும் கண்ணில் படத் தொடங்கின. 2003 செப்டம்பரில் பிக் தண்டர் மவுண்டன் என்ற ரயில் ரைடில் நடந்த விபத்தில் ஒருவர் இறந்தார். சரியான பராமரிப்பு இல்லாததே காரணம் என்று மாநில அரசின் விசாரணை சொன்னது. அதற்குப் பிறகுதான் நிர்வாகம் விழித்துக்கொண்டது. 2005-ல் வந்த 50-வது ஆண்டு விழாவுக்காகப் பூங்கா முழுவதும் பழுது பார்த்து, பெயின்ட் அடித்து, விளக்கு மாற்றினார்கள். 1998-ல் செம்பும் பழுப்புமாக அடித்து வைத்த ஸ்பேஸ் மவுண்டன் ரைடின் கட்டடம் மறுபடி வெள்ளையானது. போன களை திரும்பி வந்ததை அன்றைக்கு எல்லாரும் பார்த்தார்கள். அதனால்தான் 'களை போய்விட்டது' என்று யாராவது சொன்னால் நான் அதை வயசின் புலம்பல் என்று தள்ளுவதில்லை. அவர்கள் சொன்னது ஒருமுறை பலித்திருக்கிறது, ஒருமுறை சரிசெய்யவும் பட்டிருக்கிறது.

இன்றைக்குப் பெயின்ட் பளபளப்பாகத்தான் இருக்கிறது. அப்படியானால் என்ன குறை?

விலை என்பார்கள் பலரும். 1955-ல் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 1 டாலர், ரைடுக்குத் தனி. 1982-ல் எல்லா ரைடும் சேர்ந்த ஒரு நாள் டிக்கெட் 12 டாலர். இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 40 டாலர். இப்போது நாளைப் பொறுத்து 104 டாலரிலிருந்து 200 டாலருக்கு மேல் வரை போகிறது. நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய அடி, அதில் சந்தேகமே வேண்டாம். பலர் வாசலுக்கே வர முடியாமல் போகிறார்கள். அது எனக்கு வருத்தம் தரும் விஷயம். ஆனால் உள்ளே போனவருக்கு ஏன் களை தெரியவில்லை என்பதற்கு இது விடை ஆகாது. கொடுத்த காசு வாசலோடு முடிந்துவிட்டால், உள்ளே போனதும் மனசு அதை மறந்துவிடும்.

பழைய ரசிகர்கள் மறந்துபோகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். பொற்காலம் என்று அவர்கள் சொல்கிற 60-களிலும் 70-களிலும் ஒவ்வொரு ரைடுக்கும் காசு உண்டு. டிக்கெட் புத்தகம் வாங்க வேண்டும். அதில் ஏ முதல் ஈ வரை சீட்டுகள். மெயின் ஸ்ட்ரீட் குதிரை வண்டிக்கு ஏ போதும், மேட்டர்ஹார்னுக்கு ஈ வேண்டும். அமெரிக்க ஆங்கிலத்தில் மிகச் சிறந்ததை 'ஈ டிக்கெட்' என்று சொல்வது அங்கிருந்துதான் வந்தது. 1982 வரை இது நடந்தது. ஆக, ரைடுக்குக் காசு கேட்பது புதிதல்ல. அப்படியிருந்தும் அந்தக் காலத்து மனிதர்கள் அந்தச் சீட்டுகளைப் பாசத்தோடு நினைக்கிறார்கள். மிஞ்சிய ஏ சீட்டுகளை வீட்டு மேஜை இழுப்பறையில் பத்திரப்படுத்தினார்கள். ஏன் கசப்பு இல்லை? ஈ சீட்டு கையில் இருந்தாலும், வரிசையில் உனக்கு முன்னால் நிற்பவருக்குப் பின்னால்தான் நீ. கோடீஸ்வரரும் ஒரு வருடம் காசு சேர்த்து வந்த தொழிலாளியும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த வரிசையை டிஸ்னியின் வடிவமைப்பாளர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு இந்தியானா ஜோன்ஸ் ரைடைவிட நல்ல உதாரணம் இல்லை. நீங்கள் போய் வந்த அடுத்த வருடம், 1995-ல் திறந்தது. அதன் வரிசை ஏறத்தாழ அரை மைல் நீளம். காட்டுக்குள் தொடங்கி, பாழடைந்த கோவிலுக்குள் நுழைந்து, இருட்டான குகைகள் வழியாகப் போகும். சுவரெல்லாம் விசித்திர எழுத்துகள்; அவற்றைப் படிக்க ஆரம்பத்தில் கையில் ஒரு அட்டை கொடுத்தார்கள். நிற்கிற நேரத்தில் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படித்து எச்சரிக்கைகளைக் கண்டுபிடிப்பார்கள். ஓர் அறையில் கூரையைத் தாங்குகிற மூங்கிலைப் பிடித்து அசைத்தால் மேலே கல் நகர்கிற சத்தம் கேட்கும். ரைடு சில நிமிடம்தான். கதை வரிசையிலேயே தொடங்கிவிடும். முன்னே பின்னே நிற்கிற, பெயர் தெரியாத குடும்பத்தோடு பேச்சு வரும். பயந்த தம்பியை அண்ணன் சீண்டுவான். காத்திருப்பதை வீணான நேரமாக விடாமல், முதல் அத்தியாயமாக எழுதினார்கள்.

1999-ல் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. ரைடு வாசலில் உள்ள இயந்திரத்தில் டிக்கெட்டை நுழைத்தால், எத்தனை மணிக்குத் திரும்பி வரலாம் என்று ஒரு சீட்டு வரும். இலவசம். ஆளுக்கு ஒரு நேரத்தில் ஒரு சீட்டுதான். 2017-ல் ஆனஹைமில் 10 டாலர் கொடுத்தால் அதைக் கைபேசியிலேயே எடுக்கலாம் என்று ஆக்கினார்கள். பெருந்தொற்றில் ஓராண்டுக்கு மேல் மூடிக் கிடந்து 2021 ஏப்ரலில் திறந்தபோது இலவச முறை திரும்பி வரவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் நாளொன்றுக்கு 20 டாலரில் ஜீனி பிளஸ் என்ற கட்டண முறை தொடங்கியது. 2024-ல் அதற்கு லைட்னிங் லேன் மல்ட்டி பாஸ் என்று பெயர் மாறியது. அதே வருடக் கடைசியில் பிரீமியர் பாஸ். நேரக் கட்டுப்பாடே இல்லாமல் ஒவ்வொரு ரைடிலும் ஒருமுறை கட்டண வரிசையில் போகலாம். தொடங்கியபோது ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 டாலர் வரை.

இதில் ஒளிந்திருக்கிற கணக்கைப் பார்ப்போம். ஒரு ரைடு மணிக்கு 2,000 பேரை ஏற்றுகிறது என்று வையுங்கள். எல்லாருக்கும் ஒரே வரிசை என்றால், உங்களுக்கு முன்னால் 1,000 பேர் இருந்தால் அரை மணி நேரத்தில் ஏறிவிடலாம். இப்போது அந்த இருக்கைகளில் நான்கில் மூன்று பங்கைக் கட்டண வரிசைக்குக் கொடுங்கள். பொது வரிசைக்கு மணிக்கு 500 இடம்தான். அதே 1,000 பேருக்குப் பின்னால் நின்றால் இரண்டு மணி நேரம். பணம் கட்டியவர்கள் வேறு பக்கம் போய்விட்டதால் பொது வரிசையில் ஆள் குறையுமே என்று கேட்பீர்கள். கொஞ்சம் குறையும்தான். ஆனால் அவர்கள் காற்றில் கரைந்துபோவதில்லை. தங்கள் முறை வரும்வரை இன்னொரு ரைடின் பொது வரிசையில் நிற்பார்கள். இல்லையென்றால் நடைபாதையில், கடையில், சாப்பாட்டு இடத்தில் நெரிசலாக மாறுவார்கள். முன்பு சரசரவென்று நகர்ந்த, தொடர்ச்சியாக ஆளேற்றுகிற ரைடுகளிலும் இதனால் தேக்கம் வந்துவிட்டது. மொத்த இருக்கை கூடவே இல்லை. ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவரிடமிருந்து எடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்று இதைவிடக் கவலை தருவது. இலவசமாக இருந்த காலத்தில் பொது வரிசை நீண்டால் நிறுவனத்துக்கு லாபமில்லை. இப்போது பொது வரிசை நீண்டால்தான் கட்டண வரிசைக்கு மதிப்பு. யாரும் வேண்டுமென்றே வரிசையை நீட்டத் தேவையில்லை, கணக்கே அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

உங்கள் கேள்வியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "அண்ணன் மகள், 'அவங்க ஏன் நமக்கு முன்னாடி போறாங்க?' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்." என்னைப் பொறுத்தவரை உங்கள் கேள்விக்கான பதில் அந்த வரியில் இருக்கிறது. இரண்டு வரிசையும் சேருகிற இடத்தில் ஊழியர் கையைக் காட்டி உங்களை நிறுத்துகிறார். பக்கத்துப் பாதையில் பத்துப் பதினைந்து பேர் சிரித்துக்கொண்டே கடந்து போகிறார்கள். அந்தக் குழந்தையின் கேள்விக்கு உண்மையான பதில் ஒன்றுதான், அதைச் சொன்னதும் கோவிலும் குகையும் மறைந்து ஒரு கட்டணக் கவுன்டர் தெரிந்துவிடும். பணம் கட்டிய பக்கமும் பெரிய நிம்மதி இல்லை. அடுத்தது எது, எத்தனை மணிக்கு, இதைவிட முன்னால் ஏதாவது இடம் காலியானதா என்று நாள் முழுக்கத் திரையைத் தேய்க்க வேண்டும்.

டிஸ்னிலேண்டைச் சுற்றி ஒரு மண்மேடு இருப்பதைக் கவனித்தீர்களா? அதன் மேல்தான் ரயில் ஓடுகிறது. வெளியே இருக்கிற சாலையும் கட்டடமும் உள்ளிருந்து தெரியக்கூடாது என்பதற்காக எழுப்பியது. உள்ளே போகும்போது ரயில் பாதைக்குக் கீழே ஒரு சிறு சுரங்கம் வழியாக நுழைவீர்கள். அதன் மேல் ஒரு பலகை: இங்கே இன்றைய நாளை விட்டுவிட்டு, நேற்றும் நாளையும் கற்பனையும் சேர்ந்த உலகத்துக்குள் நுழைகிறீர்கள் என்று. மெயின் ஸ்ட்ரீட் கட்டடங்களில் மேல்மாடிகளைப் படிப்படியாகச் சிறிதாக்கிக் கட்டினார்கள், உயரமாகத் தெரிய. கோட்டையும் அப்படித்தான், 77 அடிதான் உயரம், பார்த்தால் நம்ப மாட்டீர்கள். வெளியுலகத்தை மறக்கடிக்க இத்தனை பாடுபட்ட இடத்தில், வெளியுலகத்தின் மொத்தத்தையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்கிறது இன்றைய முறை. மண்மேட்டை இடித்திருந்தால்கூட இவ்வளவு சேதம் ஆகியிருக்காது என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

வயதாகிவிட்டது என்ற உங்கள் வாதத்துக்கு வருகிறேன். நினைவு நல்லதை மட்டும் பொறுக்கி வைத்துக்கொள்ளும் என்பது உண்மை. 1994 கோடையிலும் நீங்கள் ஸ்பிளாஷ் மவுண்டன் முன்னால் நெடுநேரம் நின்றிருப்பீர்கள். ஆனால் அது ஏன் கசப்பாக நினைவில் தங்கவில்லை? எல்லாரும் நின்றார்கள், நீங்களும் நின்றீர்கள். யாரும் உங்களைத் தாண்டிப் போகவில்லை. அந்த நேரத்தை அண்ணனோடு பேசியும் சண்டை போட்டும் கழித்தீர்கள். அதுவும் பயணத்தின் ஒரு பகுதியாகக் கலந்துவிட்டது. இப்போதைய காத்திருப்பு அப்படிக் கலக்காது, தனியாக உறுத்திக்கொண்டே இருக்கும். உங்கள் பிள்ளைகள் இருபது வருடம் கழித்து எதை மறப்பார்கள், எதை வைத்துக்கொள்வார்கள் என்பதில்தான் எனக்குப் பயம்.

கூட்டம் அதிகமானதற்குப் பூங்கா என்ன செய்யும் என்ற கேள்வி நியாயமானது. துறைசார் மதிப்பீடுகள்படி 1994-ல் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தார்கள். இப்போது ஒன்றரைக் கோடிக்கும் மேல். டோக்கியோ டிஸ்னிலேண்டிலும் கூட்டம் குறைவில்லை. 1983-ல் திறந்த அந்தப் பூங்கா ஓரியன்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனத்துக்குச் சொந்தம். டிஸ்னிக்கு உரிமத் தொகை போகிறது. அங்கேயும் 2022-லிருந்து கட்டண வரிசை உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2023-ல் 40-வது ஆண்டையொட்டி, பல ரைடுகளுக்கு இலவச முன்னுரிமைச் சீட்டையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். காசில்லாதவருக்கும் ஒரு வழி திறந்தது. அதே கோட்டை, அதே மிக்கி. முடிவெடுக்கிறவர்கள்தான் வேறு. அதனால் இது காலத்தின் கட்டாயம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரியான மருந்து இருக்கைகளைக் கூட்டுவதுதான். 2023-ல் பத்தாண்டுகளில் பூங்காக்களிலும் கப்பல்களிலும் 6,000 கோடி டாலர் போடப்போவதாக டிஸ்னி அறிவித்தது. 2024 மே மாதம் ஆனஹைம் நகர மன்றம் விரிவாக்கத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதன்படி பத்தாண்டுகளில் குறைந்தது 190 கோடி டாலர் அங்கே செலவிட வேண்டும். கற்பனை வற்றிவிட்டது என்று மட்டும் தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். 2020 ஜனவரியில் அங்கே திறந்த ரைஸ் ஆஃப் த ரெசிஸ்டன்ஸ் என்ற ஸ்டார் வார்ஸ் ரைடு போன்ற ஒன்றை வால்ட் காலத்தில் கனவுகூடக் கண்டிருக்க முடியாது. விண்கலத்தின் கதவு திறந்து, வரிசை வரிசையாகக் காவல் வீரர்கள் நிற்கிற அந்த மண்டபம் தெரியும்போது, ஐம்பது வயதுக்காரர்கள் வாயைப் பிளந்து நிற்பார்கள். புதிய ரைடுகள் இந்தத் தரத்தில் வந்து, மணிக்கு நிறைய ஆளையும் ஏற்றினால் வரிசையின் நெருக்கடி தானாகத் தளரும்.

ஊழியர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. உங்கள் அண்ணன்கூட அவர்களைக் குறை சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பூங்காவுக்கு வருகிறவர்களை வால்ட் காலத்திலிருந்தே விருந்தாளி என்றும், வேலை செய்பவர்களை நடிகர் குழுவினர் என்றும்தான் அழைக்கிறார்கள். அந்தப் பண்பாடு இன்றும் சாகவில்லை. மிக்கியாகவும் இளவரசிகளாகவும் வலம் வருகிற கலைஞர்கள் 2024 மே மாதம் வாக்கெடுப்பு நடத்தித் தொழிற்சங்கம் அமைத்தார்கள். மேஜிக் யுனைடெட் என்ற பெயரில் அவர்கள் நடத்திய இயக்கம் அது. களையைச் சுமக்கிறவர்கள் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கட்டண வரிசையால் வருகிற கோபத்தையும், இரண்டு பாதை சேரும் இடத்தில் நின்று நாள் முழுக்க வாங்கிக்கொள்வது இவர்களைப் போன்ற ஊழியர்கள்தான்.

அடுத்த முறை போனால் அண்ணனுக்காக ஒரு காரியம் செய்யுங்கள். இரண்டு நாள் டிக்கெட் எடுத்தால், ஒரு நாளுக்கு எந்த பாஸும் வாங்காதீர்கள். பெரியவர்களில் ஒருவர் மட்டும் கைபேசி வைத்துக்கொள்ளட்டும், அதுவும் பையிலேயே இருக்கட்டும். வாசல் திறக்கும்போதே உள்ளே போய், கூட்டம் சேருவதற்கு முன் இரண்டு பெரிய ரைடுகளை முடித்துவிடுங்கள். இந்தியானா ஜோன்ஸில் பொது வரிசையில் நின்று, சுவர் எழுத்துகளைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். டோட் துரையின் மோட்டார் வண்டி ரைடுக்குப் போங்கள்; ஃப்ளோரிடாவில் ரசிகர்கள் போராடியும் 1998-ல் மூடிவிட்டார்கள், ஆனஹைமில் 1955-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. மதியம் கூட்டம் மிகும்போது ரயில் நிலையத்துக்கு நடந்து, மண்மேட்டின் மேல் ஒரு முழுச் சுற்று வாருங்கள். டுமாரோலேண்டைத் தாண்டியதும் கிராண்ட் கேன்யன் காட்சி வரும், அதற்கடுத்த இருட்டில் டைனோசர்கள். 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக வால்டின் ஆட்கள் செய்தவை அவை. 1994-ல் நீங்களும் அண்ணனும் பார்த்தது இவற்றைத்தான். அந்த ரயிலுக்கு இன்றும் ஒரே ஒரு வரிசைதான்.